சங்கு ஊதினால் யார் ஒதுங்குவது?

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு உச்சிக்காலப் பூஜை முடிந்த பிறகுதான் சாப்பிட உட்காருவாராம். பூஜை முடிந்த செய்தி மதுரைக்குப் போய்ச் சேர வேண்டுமே! வழி நெடுக மண்டபம் கட்டி, மண்டபத்துக்கு ஒரு மணி தொங்கவிட்டார்கள். கோயில் மணி கேட்டதும் முதல் மண்டபத்துக்காரர் அடிப்பார், அதைக் கேட்டு அடுத்தவர் அடிப்பார். இப்படியே அரண்மனை வரை போகும். இதில் வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஆனால் கதைக்குள் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எந்த மண்டபத்து ஆளுக்கும் சந்தேகம் கிடையாது.

இன்று அந்தத் திசையில் ஓடுவது திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை, எண் 744. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே அதில் சுமார் 12 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் என்னவெல்லாம் போகிறது என்று ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிய லாரி, மில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ், ஷேர் ஆட்டோ, மினி பஸ், பால் கேன் கட்டிய டிவிஎஸ் 50. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வேன்கள். ஆடியில் இருக்கன்குடிக்கு நடந்து போகும் கூட்டம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைப் பார்க்கப் போகிறவர்கள். இருவழிச் சாலைக்கு விதிப்படி அகலம் 7 மீட்டர். அந்த 7 மீட்டரைத்தான் இத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையத்தை ஒட்டிய தெற்கு வெங்காநல்லூர் வரையிலான நான்கு வழிச்சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. அதனால் வெளியூர் லாரிகள் குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் வேலையாக வருகிறவர்கள் நான்கு வழிச்சாலையில் போகப் போவதில்லை. ஊருக்குள் இருக்கும் நெரிசல் ஊர்க்காரர்களின் நெரிசல்தான்.

இதற்குள் 108 வருகிறது.

தலையில் அடிபட்டவரை ராஜபாளையம் அரசு மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், வண்டி விருதுநகருக்கோ மதுரைக்கோ ஓட வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் தூரம் கொஞ்சம் குறைந்தது. பணக் கவலையும் குறைந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. குறையாமல் இருப்பது ஊரைத் தாண்டும் நேரம். 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019இல் சேர்த்த பிரிவு இது. ஒதுங்க மனமில்லாதவனுக்கு இது சரியான பாடம். ஆனால் நம் ஊர்களில் மனமில்லாதவர்கள் குறைவு, ஒதுங்க இடமில்லாதவர்கள்தான் அதிகம். சைரன் கேட்டால் ஓரமாக ஒதுங்கு என்கிறது விதி. ஓரத்தில் ஏற்கெனவே பைக் நிற்கிறது, தள்ளுவண்டி நிற்கிறது, கடைக்காரரின் பெயர்ப்பலகை நிற்கிறது, தோண்டிவிட்டு மூடாத பள்ளம் வேறு. முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்புகிறார், பின்னால் வருகிறவர் இடப்பக்கம் ஒடிக்கிறார். ஆம்புலன்ஸ் நடுவில் நிற்கிறது. இதோடு தடை செய்யப்பட்ட ஏர் ஹாரனும் சேர்ந்துகொண்டால், எந்தச் சத்தத்துக்கு ஒதுங்குவது? என்னைக் கேட்டால், அபராதத் தொகையைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதைவிட, ராஜபாளையம் காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் சாலையோரத்தைக் காலியாக வைத்திருப்பது அதிக உயிரைக் காக்கும்.

ராஜபாளையத்துக்குச் சத்தம் புதிதல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஊரே பஞ்சும் நூலுமாக வளர்ந்தது. மில் இருக்கும் ஊரில் கடிகாரம் சங்குதான். ஷிஃப்ட் சங்கு ஊதினால் ஒரு வீட்டில் அடுப்பு பற்றும், இன்னொரு வீட்டில் தூக்குச் சட்டி நிரம்பும். நேரம் தப்பி ஊதினால் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள், ஏதோ ஆகிவிட்டது என்று. அவசரச் சங்கு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

அப்படி எல்லோரும் வாசலுக்கு வருவது நல்லதா என்பதில்தான் எனக்குத் தயக்கம். இதே விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்ல. புகையைப் பார்த்து உதவவும், வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்தடுத்து வெடித்தபோது சிக்கிக்கொண்டார்கள். ஒரு சைரன் 'வா' என்று கூப்பிடுகிறதா, 'போ' என்று விரட்டுகிறதா என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். முடிவு செய்யாமல் கம்பத்தில் ஏற்றிய சைரன் கூட்டத்தைத்தான் சேர்க்கும்.

மலைப்பக்கம் விஷயம் வேறு. ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் ஏறி, அக்கரையில் பக்தர்கள் மாட்டிக்கொள்வதும் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்பதும் மழைக்காலச் செய்தி. சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரையே கொண்டுபோனது. இதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் வரும் பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று ஒரு சிறுவன் வெள்ளத்தில் போனான். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். மழை மேலே மலையில் பெய்கிறது, குளிக்கிறவன் தலைக்கு மேல் வெயில் அடிக்கிறது. 2023 அக்டோபரில் அவசர எச்சரிக்கைச் சோதனைக்காக நம் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்த ஏற்பாடு ஊருக்குள் பயன்படும். சதுரகிரி அடிவாரத்தில், டவர் எட்டாத தாணிப்பாறைக்கு மேலே அது என்ன செய்யும்? அங்கே ஓடையின் மேல்பகுதியில் நீர்மட்டம் பார்க்கும் கருவியும், கீழே ஓங்கி ஊதும் சைரனும்தான் வேண்டும். அதன் பொருளும் ஒன்றே ஒன்று: கரையேறு.

கூட்டம் சைகைக்குக் கட்டுப்படாது என்று யாராவது சொன்னால் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரச் சொல்லுங்கள். வடத்தின் முன்பக்கம் இழுக்கிறவனுக்குத் தேரின் சக்கரம் தெரியாது. முட்டுக்கட்டை போடுகிறவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. தேர்த்தட்டில் நிற்பவர் துண்டை வீசினால் வடம் இறுகுகிறது, கையைத் தாழ்த்தினால் நிற்கிறது. வீதி திரும்பும் இடத்தில் கட்டை எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில் என்பது தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்தது. யாரும் சுற்றறிக்கை படித்துவிட்டு வடம் பிடிப்பதில்லை. ஆண்டுதோறும் இழுப்பதால் தெரிகிறது.

பழக்கம் என்றால் ஸ்விட்சர்லாந்தைச் சொல்லலாம். அங்கே ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் புதன்கிழமை நாட்டிலுள்ள சைரன்களை எல்லாம் ஊதிச் சோதிக்கிறார்கள். நமக்கும் ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி 30, தியாகிகள் தினம். காலை 10.59க்கு ஒரு சைரன், 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், 11.02க்கு மறுபடி ஒரு சைரன் என்று மத்திய உள்துறை ஆண்டுதோறும் மாநிலங்களுக்கு எழுதுகிறது. அபாயத்துக்கு ஏறி இறங்கும் ஊளை, ஆபத்து நீங்கியதற்கு ஒரே சீரான ஒலி என்ற குடிமைப் பாதுகாப்பு முறையும் போர்க்காலத்திலிருந்தே உண்டு. 2025 மே 7 அன்று நாடெங்கும் நடந்த ஒத்திகையில் அது மீண்டும் காதில் விழுந்தது.

2011 கணக்குப்படி ராஜபாளையத்தில் 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். இரண்டு நகராட்சிகளும் தீயணைப்பு நிலையங்களும் பேசி, வரும் ஜனவரி 30 அன்று மௌன அஞ்சலி முடிந்த அரை மணி கழித்து ஏறி இறங்கும் ஒலியை ஒருமுறை ஊதிப் பார்க்கலாம். அதே நேரத்தில் ஒரு காலி ஆம்புலன்ஸை ராஜபாளையம் மருத்துவமனையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் வரை ஓட்டி, எந்தெந்த இடத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளை நகர்மன்றக் கூட்டத்தில் வைத்தால், எந்தக் கடையின் பெயர்ப்பலகையை முதலில் எடுப்பது என்ற சண்டையாவது உருப்படியாகத் தொடங்கும்.