மென்படலச் சூரியத் தகடும் உப்பளத்துக் கசப்பு நீரும்

சூரிய ஒளியினின்று மின்சாரம் உண்டாக்கும் தகடுகள் கிணற்றடிகளிலும் தரிசு நிலங்களிலும் நிற்பதை விவசாயிகள் பலர் கண்டிருப்பர். அவற்றுள் பெரும்பாலானவை சிலிகனை வில்லைகளாக அறுத்துச் செய்யப்படுபவை. மென்படலத் தகடு என்பது வேறு வகை. இதில் காட்மியம் டெல்லூரைடு என்னும் பொருள் கடும் வெப்பத்தில் ஆவியாக்கப்பட்டு, கண்ணாடியின்மேல் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பங்கு கனத்திற்குப் படிய வைக்கப்படுகிறது. சிலிகன் வில்லையோ அதைப்போல் சுமார் ஐம்பது மடங்கு கனமுள்ளது. காஞ்சீபுரம் ஜில்லா ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் பர்ஸ்ட் சோலார் கம்பெனியார் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்த தொழிற்சாலையில் செய்யப்படுவது இவ்வகையே.

காட்மியம் என்ற பெயரைக் கேட்டதும் நெல் பயிரிடுவோர் சற்று நின்று யோசிப்பது நியாயமே. ஜப்பானில் டொயாமா ஜில்லாவில், சுரங்கக் கழிவு ஜின்ஸூ ஆற்றின் வழியே வயல்களிற் பாய்ந்தது. நெற்பயிர் அவ்வுலோகத்தை உறிஞ்சியது. அவ்வரிசியை நெடுநாள் உண்டவர்களின் எலும்புகள் மெலிந்து முறிந்தன. இந்நோய்க்குக் காரணம் காட்மியமே என்று ஜப்பான் சர்க்கார் 1968இல் அறிவித்தது.

ஆயின், எல்லாக் காட்மியமும் ஒரு தன்மையதன்று. தகட்டிலுள்ள காட்மியம் டெல்லூரைடு நீரில் கரைவது மிக அரிது; இரண்டு கண்ணாடிகளுக்கிடையே அடைபட்டும் இருக்கிறது. அபாயம் மிகுந்தது உற்பத்தியின் நடுவே வரும் ஒரு காரியந்தான். படிந்த படலத்தின்மேல் காட்மியம் குளோரைடைப் பூசிச் சுமார் 400 டிகிரி சென்டிகிரேடில் சூடேற்றினாலன்றி, அது மிகச் சொற்ப மின்சாரமே தரும். இந்த உப்போ நீரில் எளிதிற் கரைவது, விஷமுள்ளது, விலையும் அதிகம்.

இதற்கு மாற்றுத் தேடிய இங்கிலாந்தின் லிவர்பூல் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2014இல் ஒரு முடிவை வெளியிட்டனர். காட்மியம் குளோரைடுக்குப் பதிலாக மக்னீஷியம் குளோரைடைப் பூசினும், ஒளியில் 13 சதவிகிதம்வரை மின்சாரமாயிற்று. பழைய முறையிற் செய்த தகட்டின் பலனும் அவ்வளவே. மக்னீஷியம் குளோரைடு கடல் நீரில் உள்ளது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுதியாய் இருப்பதும் இதுவே. சோயா மொச்சைப் பாலை உறைய வைக்கவும் இதனைச் சேர்ப்பர் என்றால், இதன் சாதுத்தன்மை விளங்கும்.

ஆராய்ச்சிசாலையில் விரலகலத் துண்டில் கிடைத்த பலன் ஆளுயரத் தகட்டிலும் மாறாது கிடைக்குமாறு செய்வது வேறு வேலை. அதற்குப் பல ஆண்டுகள் செல்லும். டெல்லூரியமும், பெரும்பாலும் செம்பைச் சுத்தி செய்யும்போது கிடைக்கும் சிறு பொருளாகையால், வேண்டியமட்டும் கிடைப்பதன்று. உடைந்த தகடுகளினின்று அதனை மீட்டெடுப்பது இதனால் பயனுள்ளதாகிறது.

மின்சாரக் கம்பெனிகளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுவோர், உடைந்த தகட்டையும் காலம் முடிந்த தகட்டையும் யார் செலவில் யார் எடுத்துச் செல்வதென்பதைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குதல் வேண்டும். உடைந்த துண்டுகளை வாய்க்காலிலோ எருக்குழியிலோ போடலாகாது. மழை படாத இடத்தில் சேர்த்து வைத்து, தகட்டை வைத்தவர்களுக்குத் தெரிவிக்கவும்.