தக்காளி பூக்கும், காய்க்காது

கிள்ளானில் வீட்டு வாசலில் தக்காளிச் செடி வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். செடி மளமளவென்று வளரும், மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும், பிறகு காம்போடு உதிர்ந்துவிடும். ‘எனக்குக் கைராசி இல்லை’ என்பார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரணம் நம் ஊர் இரவு.

தக்காளி காய்பிடிக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. கோலாலம்பூரில் இரவிலும் 24 டிகிரி இருக்கிறது. அந்தச் சூட்டில் மகரந்தம் வலுவிழக்கிறது. காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால், உள்ள மகரந்தமும் ஒட்டிக்கொண்டு சரியாக உதிர்வதில்லை. கருவுறாத பூவைச் செடி தள்ளிவிடுகிறது. கேமரன் மலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 6.5 டிகிரி குறைவதால், அங்கே நம்மைவிட 9, 10 டிகிரி குளிர். முட்டைக்கோசும் அந்தக் குளிரில்தான் நன்றாக உருளும். சூட்டைத் தாங்கும் சிறு தக்காளி வகைகள் இங்கும் காய்க்கும். ஆனால் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல.

வெங்காயமும் அல்ல. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. அப்போது, ‘நாமே போட்டால் என்ன?’ என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருக்கலாம். ஒரு தொட்டியில் பல மாதம் காத்திருந்து கிடைப்பது ஒரு கைப்பிடி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கெடாமல் கப்பலில் வரக்கூடியவை. கிலோ கணக்கில் வாங்குபவை. அவற்றைக் கடைக்கே விட்டுவிடுங்கள்.

கொஞ்சமாகத் தேவைப்பட்டு, சீக்கிரம் வாடி, கட்டாக வாங்கிப் பாதியைக் குப்பையில் போடுகிறோமே, அவைதாம் வீட்டில் வளர்க்க ஏற்றவை. கறிவேப்பிலை, சிறுமிளகாய், பாண்டான், செராய், கங்கோங், முளைக்கீரை. சிறுமிளகாய் விதைத்து மூன்று மாத அளவில் காய்க்கத் தொடங்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓராண்டுக்கு மேலும் காய்க்கும். தன் மகரந்தத்தாலேயே காய்பிடிப்பதால், தேனீ ஏறி வராத பத்தாவது மாடியிலும் பூங்கொத்தை லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

கணக்கையும் போட்டுவிடுவோம். தொட்டி, மண், உரம் எல்லாம் கடையில் வாங்கி 24 ரிங்கிட் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். கங்கோங் கட்டு 2 ரிங்கிட். அடியில் ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மூன்று வாரத்துக்கு ஒரு கட்டு கிடைக்கும் என்போம். போட்ட பணம் திரும்ப 12 கட்டு, அதாவது 36 வாரம்! எட்டு மாதத்துக்கு மேல். அதே கங்கோங்கைச் சமையல் எண்ணெய் வந்த பழைய வாளியில், வீட்டுக் காய்கறித் தோலை மக்க வைத்த உரத்தில், சந்தையில் வாங்கிய தண்டையே நட்டு வளர்த்தால் இரண்டாம் அறுப்பிலேயே இலாபம். ஆக, மிச்சம் செடியில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. (பெயிண்டோ பூச்சிமருந்தோ இருந்த வாளி மட்டும் வேண்டாம்.)

மண் இலவசம்தானே என்று கீழே தோண்டி எடுத்து வராதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, ஊரைச் செங்கல்லால் கட்ட அந்தக் களிமண் உதவியது. செங்கல்லுக்கு நல்ல மண் தொட்டிக்கு ஆகாது. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. நெருக்கமாகப் படிந்து, தண்ணீரைப் பிடித்து, காற்றுக்கு இடமே விடாது. வேரும் சுவாசிக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. மணலும் தேங்காய் நார்த்தூளும் மக்கிய உரமும் கலந்தால் இடைவெளி கிடைக்கும்.

எண்ணெய் விலையேற்றத்தோடு பொருள் விலைகளும் உயர்ந்த காலத்தில், 1974-இல், பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, மக்களை உணவுப் பயிர் போடச் சொன்னார். தோட்டத்து லயத்தின் பின்னால் கீரைப்பாத்தி வைத்திருந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு அது புதிதாக இருந்திருக்காது. ஆனால் அவர்களுக்குத் தரை இருந்தது, தலைக்கு மேல் வெயில் இருந்தது. அடுக்குமாடியில் இருக்கும் உங்களுக்கு வெயில்தான் முதல் சிக்கல்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும்; மற்ற மாதங்களில் தெற்கே. எனவே வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஜூனில் வெயில் படும், டிசம்பரில் படாது; தெற்குப் பார்த்ததற்கு நேர்மாறு. கிழக்கும் மேற்கும் பார்த்தவற்றுக்கு ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உண்டு. ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் நேர் வெயில் இருந்தால் மிளகாய் போடலாம். மூன்று நான்கு மணி நேரமே என்றால் கீரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடவே கூடாது. நம் வெப்பத்தில் ஏடிஸ் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். அதன் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் ஒருவருக்கு டிங்கி வந்தால், எத்தனை கட்டுக் கீரை மிச்சம் பிடித்தும் ஈடாகாது.

கறிவேப்பிலையில் ஒருநாள் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், அது நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம் என்பது அந்தப் பூச்சிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மருந்து அடிக்க வேண்டாம், அந்த இலையை நாம்தான் சாப்பிடப் போகிறோம். புழுவைக் கையால் எடுத்துவிடலாம், அல்லது ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுத்து, இறக்கை முளைக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.