மாசிடோனியப் படத்தை ஆஸ்திரேலியா அனுப்பியது எப்படி?

ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு நாடுகள் படம் அனுப்பும் கெடு 2023இல் அக்டோபர் முதல் வாரத்தோடு முடிந்தது. வடக்கு மாசிடோனியா அந்த ஆண்டு தேர்ந்தெடுத்த ‘ஹவுஸ்கீப்பிங் ஃபார் பிகினர்ஸ்’ படத்தின் இயக்குநர் கோரன் ஸ்டோலெவ்ஸ்கி. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியா அனுப்பிய ‘யூ வோன்ட் பி அலோன்’ படமும் அவருடையதே. அச்சுப் பிழையா என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன.

பிழை இல்லை. டெட்டோவோவில் பிறந்து, சிறுவயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர் ஸ்டோலெவ்ஸ்கி. தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். தன் முதல் முழுநீளப் படமான ‘யூ வோன்ட் பி அலோன்’ஐ ஆஸ்திரேலியத் தயாரிப்பில், செர்பியாவில் எடுத்தார். 19ஆம் நூற்றாண்டு மாசிடோனியக் கிராமத்தில், பிறர் உருவை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் பெற்ற ஒருத்தி பெண்ணாகவும் ஆணாகவும் வாழ்ந்து பார்க்கும் கதை. பேச்சு மாசிடோனியம். ஆஸ்திரேலிய மண்ணோ ஆங்கிலமோ இல்லாத இந்தப் படம்தான் ஆஸ்திரேலியாவின் படம்.

2005 வரை இது நடந்திருக்காது. அனுப்பும் நாட்டின் மொழியில்தான் படம் பேச வேண்டும் என்றிருந்தது. அந்த ஆண்டு இத்தாலி அனுப்பிய ‘பிரைவேட்’ படத்தில் இத்தாலிய மொழி இல்லை என்று ஆஸ்கர் வழங்கும் அகாடமி திருப்பிவிட்டது. எதிர்ப்பு எழுந்து, 2006இல் விதி தளர்ந்தது. உடனே பலன் பெற்றது தீபா மேத்தாவின் ‘வாட்டர்’. வாரணாசியில் கலவரக்காரர்களால் விரட்டப்பட்டு, இலங்கையில் எடுக்கப்பட்ட அந்த இந்திப் படத்தைக் கனடா அனுப்பியது. இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. புலம்பெயர்ந்த கலைஞர்களுக்கு இவ்வளவு பயன்பட்ட திருத்தம் அகாடமியின் விதிப்புத்தகத்தில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மொழித் தடை போனது. ஆனால் அனுப்ப ஒரு நாடு வேண்டும் என்ற நிபந்தனை அப்போது போகவில்லை. என்னை உறுத்தியது இதுதான். உலக சினிமாவைக் கொண்டாடும் பிரிவு என்று அகாடமி சொல்கிறது. நடைமுறையில் அது நாடுகளுக்குத்தான் அழைப்பு விடுத்தது, நாட்டுக்கு ஒரு படம் என்று. ஸ்டோலெவ்ஸ்கிக்கு இரண்டு நாடுகள் இருந்தன. சொந்த நாடே தடை செய்தவர் என்ன செய்வார்?

கென்யாவின் ‘ரஃபிகி’யைப் பாருங்கள். இரண்டு இளம்பெண்களின் காதல் கதை. 2018இல் கான் விழாவின் அதிகாரபூர்வத் தேர்வில் இடம்பெற்ற முதல் கென்யப் படம். உள்ளூரிலோ தணிக்கை வாரியம், தன்பால் உறவைப் பரப்புகிறது என்று தடை விதித்தது. அன்றைய விதிப்படி, ஆஸ்கருக்குப் போக வேண்டுமானால் படம் சொந்த நாட்டுத் திரையரங்கில் தொடர்ந்து ஏழு நாள் ஓடியிருக்க வேண்டும். இயக்குநர் வனுரி கஹியு வழக்குப் போட்டார். செப்டம்பர் 21 அன்று உயர் நீதிமன்றம் தடையை ஏழு நாளுக்கு மட்டும் விலக்கியது. நைரோபியில் அரங்குகள் நிறைந்தன. ஏழு நாள் முடிந்ததும் தடை திரும்பி வந்தது. தேர்வுக் குழுவோ ‘சூப்பா மோடோ’ என்ற வேறொரு படத்தை அனுப்பியது. அதுவும் நல்ல படம் என்பது வேறு விஷயம். நீதிமன்றம் படத்துக்குத் தகுதியைத்தான் பெற்றுத்தர முடிந்தது; அனுப்பும் அதிகாரம் அதன் கையில் இல்லை.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள்:

தேர்வுக் குழு சுதந்திரமானதா? திரைக்கலைஞர்கள் கொண்ட குழு என்கிறது அகாடமி; அந்தக் கலைஞர்கள் அரசு நிதியை நம்பிப் படமெடுக்கும் நாடுகளில் அந்த உறுதிமொழிக்கு அதிக மதிப்பில்லை.

படத்தில் ஆங்கிலம் பேசலாமா? பாதிக்குக் குறைவாக.

செர்பியாவில் வெளிநாட்டவர் ஏன் படமெடுக்கிறார்கள்? தகுதியுள்ள செலவில் கால் பங்கை அரசு திருப்பித் தருகிறது.

வடக்கு மாசிடோனியாவில் தன்பால் திருமணம் செல்லுமா? செல்லாது; ஆனால் அது அனுப்பிய படத்தில் இரண்டு பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள்.

எந்த நாடும் அனுப்பாவிட்டால்? அமெரிக்கத் திரையரங்கில் வெளியிட்டுப் பொதுப் பிரிவுகளில் போட்டியிடலாம், செலவைத் தயாரிப்பாளர் ஏற்க வேண்டும்.