கிரந்த ஏட்டில் கிடைத்த அர்த்தசாஸ்திரம்

சமஸ்கிருதத்துக்கென்று தனி எழுத்து ஒன்று இருந்ததில்லை. தேவநாகரிதான் அதன் எழுத்து என்ற எண்ணம் அச்சுக்குப் பிறகு வலுப்பெற்றது. அதற்கு முன் தமிழ்நாட்டில் கிரந்தம், ஆந்திரத்தில் தெலுங்கு, கேரளத்தில் மலையாளம், கன்னட நாட்டில் கன்னடமும் நந்திநாகரியும் என அந்தந்த மண்ணின் எழுத்திலேயே அதை எழுதினார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தாருக்கு இது வியப்பாக இராது. வேதம், ஆகமம், காவியம், இலக்கணம், சோதிடம், ஆயுர்வேதம் எல்லாம் இப்படித்தான் கைமாறி வந்தன.

பனையோலையையோ தாளிப்பனை ஓலையையோ பதப்படுத்தி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறுவார்கள். கீறியதும் எழுத்து கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால், கீறல்களில் மை தங்கி எழுத்து எழும்பும். சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் இல்லை. பூச்சி ஓர் எழுத்தைத் தின்றிருந்தால், செய்யுளில் சந்தத்தைக் கொண்டு அதை ஊகிக்கலாம். உரைநடையில் அந்தத் துணையும் கிடையாது.

ஓசூர் எல்லையைத் தாண்டி, பெங்களூருக்கு அப்பால் மைசூரில், அப்படியோர் உரைநடை நூல்தான் வெளிப்பட்டது. 1891இல் தொடங்கிய அங்குள்ள கீழைக்கலை நூலகத்துக்குத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் ஓர் ஓலைச்சுவடி கொடுத்தார். நூலகர் ஆர்.சாமசாஸ்திரி படித்துப் பார்த்தார்: கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! வடமொழிப் புலவர்களான தண்டி, பாணர் முதலானோர் சொன்ன குறிப்புகளால் மட்டுமே அதுவரை அறியப்பட்டிருந்த நூல். கையில் அந்தச் சுவடியும், அந்நூலுக்குப் பட்டசுவாமி எழுதிய உரையின் ஒரு பகுதியும் மட்டும். அவற்றைக் கொண்டே 1909இல் மூலத்தை அச்சிட்டார். 1915இல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. வரி, சுரங்கம், எடைக்கல், யானைப்படை, ஒற்றர் என்று அரசாட்சியின் நுணுக்கங்களை விரித்துச் சொல்லும் அந்நூல், பழைய இந்தியா ஆன்மிகத்தை மட்டுமே சிந்தித்தது என்ற ஐரோப்பியக் கருத்தை அசைத்துவிட்டது. தமிழ்நாட்டு ஏடு, கன்னட நாட்டு நூலகம். கிரந்தம் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்ததால்தான் இது நடந்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம், 1869இல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சை சரசுவதி மகாலும் பெருங்களஞ்சியங்கள். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள், பெரும்பாலும் கிரந்தத்தில் எழுதிய சமஸ்கிருத நூல்கள், சுமார் 11,000. அவற்றை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

ஓலை நூற்றாண்டுகள் தாங்கும், ஆனால் அழியாமல் இராது. பழுதான ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்துத்தான் முன்னோர் காத்தார்கள். இன்று அந்தப் பழக்கம் போய்விட்டது, கிரந்தம் படிப்போரும் அருகிவிட்டார்கள். பரணில் ஓலைக்கட்டு கிடந்தால், படிக்கத் தெரியவில்லை என்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவவும் வேண்டாம், கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம். அப்படியே ஒரு சுவடி நூலகத்தில் காட்டுங்கள்.