முப்பது கிலோ குறைந்த பிறகு

1965-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மருத்துவமனைக்கு ஆங்கஸ் பார்பியேரி என்ற இளைஞர் வந்தபோது அவருடைய எடை 207 கிலோ. சில நாள் பட்டினி இருந்து பார்க்கலாம் என்று தொடங்கியது 382 நாள் வரை நீண்டது. தேநீர், காப்பி, சோடா, வைட்டமின் மாத்திரைகள் தவிர ஏறக்குறைய எதுவும் உள்ளே போகவில்லை. முடிவில் அவர் எடை 82 கிலோ. அந்த நாட்களில் பெரும்பகுதியை அவர் தம் வீட்டிலேயே கழித்தார் என்பதால், வீட்டிலிருந்தபடி யாரும் எவ்வளவும் குறைக்கலாம் என்பதற்கு இந்தக் கதையைச் சான்றாகச் சொல்கிறார்கள். சொல்லும்போது விட்டுவிடுகிற பகுதிகள் இரண்டு. ஒன்று, அவர் அடிக்கடி மருத்துவமனைக்குப் போய் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொண்டார். பொட்டாசியம் உள்ளிட்ட சத்துக்கள் மருத்துவர் சொன்னபடி தரப்பட்டன. மற்றொன்று, அதே காலகட்டத்தில் பட்டினிச் சிகிச்சை பெற்ற வேறு சிலர் இறந்துபோனார்கள். ஆனால் பார்பியேரியிடம் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது அந்த 382 நாள் அல்ல. ஐந்து ஆண்டுகள் கழித்து மருத்துவர்கள் பார்த்தபோது அவர் எடை 89 கிலோவாகத்தான் இருந்தது. அதுதான் அபூர்வம்.

வீட்டிலேயே, சொந்த முயற்சியில் இருபது முப்பது கிலோ குறைக்க முடியுமா என்றால், முடியும். செய்து காட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் குறைப்பது ஓராண்டு வேலை. குறைந்ததைக் காப்பது அதற்குப் பிந்தைய ஆயுள் முழுவதும் தொடரும் வேலை. பெரும்பாலோர் முதல் வேலைக்கு மட்டும் திட்டம் போட்டுவிட்டு, இரண்டாவது தானாக நடக்கும் என்று நம்புகிறார்கள். அது தானாக நடப்பதில்லை. மூன்றாவது ஆண்டிலும் என்னால் இப்படியே சாப்பிட முடியுமா, இப்படியே நடக்க முடியுமா என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுக்கொண்டு, ஆம் என்று பதில் வருகிற வழியை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இங்கே நான் வாதிட விரும்புவது.

உடல் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை

1945-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று கைப்பேசியில் சுற்றும் பல உணவுத் திட்டங்கள் இதைவிடக் குறைவாகக் கொடுக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்கள் தம் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். கூடவே எப்போதும் குளிர்ந்தது, எரிச்சல் வந்தது, எதிலும் ஈடுபாடு போயிற்று. சமையல் குறிப்புகளைச் சேகரித்துத் திரும்பத் திரும்பப் படிக்கும் அளவுக்குச் சிந்தனை முழுவதையும் சாப்பாடே ஆக்கிரமித்தது. அவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் அல்லர். தாமாக முன்வந்து அந்தச் சோதனையை ஏற்றவர்கள். பட்டினியைப் பஞ்சமாகவே உடல் புரிந்துகொள்கிறது. உடம்பை இளைக்க வைக்கத்தான் இது என்று அதற்குத் தெரியாது.

இந்தப் பதற்றம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடை குறைத்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் அவர்களுடைய இரத்தத்தில் பசியைத் தூண்டும் கிரெலின் கூடியே இருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் குறைந்தே இருந்தது. அதைவிட அதிர்ச்சி தந்தது அமெரிக்காவின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ தொலைக்காட்சிப் போட்டியாளர்கள் 14 பேரைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், ஆறு ஆண்டுகளில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல், அந்த எடைக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆகவே எடை திரும்ப ஏறியவரைப் பார்த்து, வாயைக் கட்ட முடியாதவர் என்று சொல்வது அறியாமை மட்டுமல்ல, அநியாயமும்கூட.

வேகமாகக் குறைத்தால் வேகமாக ஏறுமா

மெதுவாகக் குறைத்தால்தான் நிற்கும் என்று பலரும் சொல்கிறார்கள். என் வாதத்துக்கு அது வசதியாக இருந்தாலும், சான்று அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 200 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் ஒரு குழுவினர் 12 வாரத்திலும் மற்றவர்கள் 36 வாரத்திலும் எடை குறைத்தார்கள். வேகக் குழுவில் இலக்கை எட்டியவர்கள் 81 விழுக்காடு. நிதானக் குழுவில் பாதிப்பேர்தான். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவினருமே குறைத்ததில் ஏறக்குறைய 71 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதாவது வேகம் எடையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. நிதானம் அதைத் தடுக்கவுமில்லை. பிரிட்டனில் 2018-இல் வெளியான ‘டைரக்ட்’ என்ற ஆய்விலும் நாளுக்கு 850 கலோரி அளவிலான உணவால் 15 கிலோவுக்கு மேல் குறைத்த நீரிழிவுக்காரர்களில் 86 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் வீட்டிலும் அதையே செய்தால் என்ன? அந்த ஆய்வுகளில் தரப்பட்டது புரதமும் தாது உப்புகளும் வைட்டமின்களும் கணக்கிட்டுச் சேர்த்த உணவு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மாற்றித் தர மருத்துவர் பக்கத்தில் இருந்தார். வீட்டில் ஒருவர் வெறும் பழச்சாறோ கஞ்சித் தண்ணீரோ குடித்துக் கிடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத உணவை மட்டுமே நம்பி இளைத்தவர்களில் சுமார் 60 பேர் இறந்தார்கள். பலருக்கு இதயத் துடிப்பின் தாளம் குலைந்துபோயிருந்தது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே வீட்டில் தனியாகக் குறைப்பவருக்கு வாரம் அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ என்பதே தகும். முதல் வாரத்தில் மூன்று நான்கு கிலோ குறைவதைக் கண்டு மயங்க வேண்டாம். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருந்த மாவுச்சத்து தீரும்போது அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

காத்தவர்கள் செய்தது

ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சராசரியாக அவர்கள் குறைத்தது 30 கிலோ. காத்தது ஐந்து ஆண்டுக்கும் மேல். நம் பொருளுக்கு மிக முக்கியமான செய்தி, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் எந்த நிலையத்திலும் சேராமல் தாமாகவே குறைத்தவர்கள் என்பது. எப்படிக் குறைத்தார்கள் என்பதில் ஒருவருக்கொருவர் பெரிய வேறுபாடு இருந்தது. எப்படிக் காத்தார்கள் என்பதில்தான் ஒற்றுமை: நான்கில் மூன்று பேருக்கு மேல் காலை உணவைத் தவறவிடுவதில்லை, நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலுழைப்பு செய்கிறார்கள், பெரும்பாலும் நடை. வென்றவர்கள் மட்டுமே பெயர் கொடுத்த பதிவேடு இது, இதே பழக்கங்களை வைத்துக்கொண்டும் தோற்றவர்கள் இதில் இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் முன்பு சொன்ன தொலைக்காட்சிப் போட்டியாளர்களிடமும் இதே தடம் தெரிகிறது: அந்த 14 பேரில் எடையை ஓரளவு காத்தவர்கள் உடலுழைப்பை நன்றாகக் கூட்டியவர்களே.

இங்கே ஒரு குழப்பம் தீர வேண்டும். 80 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 300 கலோரி. அறுபது கிராம் மிக்சரில் அது திரும்ப வந்துவிடும். ஆகவே எடையைக் குறைக்க நடை மட்டும் போதாது, குறைந்ததைக் காக்க அது இல்லாமல் முடியாது. அதோடு, உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. நாற்பது தாண்டியவர்கள் அதைத் திரும்பச் சேர்ப்பது கடினம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை.

சமையலறையும் மளிகைப் பட்டியலும்

தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019–21-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு சொல்கிறது. நம் வீட்டில் அது சோறு, இட்லி, தோசை, சர்க்கரை. இதைக் கேட்டதும் பலர் அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறுகிறார்கள். சாமைக்கும் தினைக்கும் நார்ச்சத்து கூடுதல். வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். ஆனால் நூறு கிராமில் உள்ள கலோரி அரிசிக்குப் பெரிதும் குறைந்ததல்ல. தினைத் தோசை ஆறு சாப்பிட்டால் ஆறு தோசைதான்.

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற சண்டையும் வீண். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2018-இல் வெளியானபோது இரு வழிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரே வழியைப் பின்பற்றியவர்களிலேயே சிலர் முப்பது கிலோ குறைத்தார்கள், சிலர் கூடினார்கள். யாருக்கு எது பழகுகிறதோ அதுவே அவருக்கு உரியது. சோறில்லாமல் ஒரு நாள் நகராது என்பவர் சோற்றை விடத் தேவையில்லை. தட்டில் பாதியைப் பொரியலும் கூட்டும் நிரப்பட்டும். கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ. முதலில் காய், பிறகு சோறு.

கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை என்பது அடிக்கடி கேட்கும் குறை. அமெரிக்காவில் 1992-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, அப்படிச் சொன்னவர்கள் உண்மையில் உண்டதில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் கணக்குக் காட்டினார்கள் என்று கண்டது. அது பொய் அல்ல. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. நம் வீடுகளில் நினைவைவிட நம்பகமான ஒரு கணக்கு இருக்கிறது: மாத மளிகைப் பட்டியல். நாலு பேர் வீட்டில் நாலு லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டர்; அது நாளுக்குச் சுமார் 270 கலோரி. நாலு வேளை தேநீரில் இரண்டிரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 160 கலோரி. தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுவது, உலையில் போடும் அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று அளப்பது ஆகிய இரண்டுமே யாரையும் பட்டினி போடாமல் பெரிய மாற்றம் தரும். தனியாகக் குறைப்பது என்ற சொல்லே இங்கே தடுமாறுகிறது. ஒருவருக்கு மட்டும் வேறு சமையல் என்பது மூன்று மாதம்கூட ஓடாது. அதுவும் சமைப்பவரே எடை குறைக்க வேண்டியவராக இருந்து, வீணாகக் கூடாதே என்று பானையின் மிச்சத்தைத் தாமே தின்று தீர்ப்பவராகவும் இருந்தால், அந்தப் பானையின் அளவைக் குடும்பமே சேர்ந்துதான் மாற்ற வேண்டும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுபவர்கள், கிளிமெபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் உணவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது. எடை குறையும்போது இரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவும் கூடிப்போய்த் தலைசுற்றும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பதினெட்டு வயது ஆகாதவர்கள், சிறுநீரக நோயாளிகள், உண்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தவர்கள் வீட்டில் தாமாக எதையும் தொடங்கக் கூடாது. தைராய்டு குறைபாட்டாலோ ஸ்டீராய்டு மாத்திரையாலோ எடை ஏறியிருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். வழியில் மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வலப்புற மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்படியும் ஏறத்தானே போகிறது?

மிகக் கனமான மறுப்பு இதுதான். இதற்கு அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு பதில் தருகிறது. 3,234 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில் ஒரு குழுவினருக்குத் தரப்பட்ட இலக்கு எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உழைப்பதும் மட்டுமே. ஏறக்குறைய மூன்றாண்டில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. பிற்பாடு அவர்களில் பலருக்கு எடை பெரும்பாலும் திரும்ப ஏறியது. ஆனாலும் 15 ஆண்டு கழித்து அவர்களுக்கு நீரிழிவு வந்தது மற்றவர்களைவிட 27 விழுக்காடு குறைவு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வு இன்னும் வியப்பானது: எடை பெரிதாகக் குறையாமலேயே, உணவையும் நடையையும் மாற்றியதால் மட்டும் நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்தது.

ஆகவே முப்பது கிலோ குறைக்க நினைப்பவர் முதல் ஏழு கிலோவில் நின்றுவிட்டாலும் அது தோல்வியல்ல. ஆறு மாதம் அந்த எடையிலேயே நின்று பழகிவிட்டு அடுத்த ஏழுக்குப் போகலாம். எடைக் கருவியோடு ஒரு நாடாவும் வீட்டில் இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே வருவது, முள் காட்டும் எண்ணைவிடப் பல சமயம் கூடுதலாகச் சொல்லும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். காத்துவந்த எடையிலிருந்து இரண்டு கிலோ கூடியது தெரிந்தால் பண்டிகை முடியட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல் அந்த வாரமே எண்ணெய்க் கரண்டியையும் அரிசி அளவையும் பழைய கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு கிலோவை இறக்க மூன்று நான்கு வாரம் போதும்.