மூன்றரைச் சுற்று

சித்திரை மாதத்து மத்தியானம். ஸ்ரீவைகுண்டத்தில் அந்த வேளைக்கு வெயில் எப்படி இருக்கும் என்பதை, அந்தப் பக்கம் போய் வந்த நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிப் படித்துறையில் கால் வைக்க முடியாது. தெருவில் ஒரு காக்கை கூடக் கிடையாது. விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மாத்திரம், பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு, வீட்டுத் தாழ்வாரத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வழுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று தலைமுறையாகத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாகிவிட்ட தரை அது. நடுவில் ஒரு துள்ளுத் துள்ளினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, இடுப்பு கிடுப்பு ஒடிஞ்சு போயிரும்ட்டி!" என்று ஊஞ்சலிலிருந்து ஆச்சி சத்தம் போட்டார்.

"நான் இப்போ மாவோ, ஆச்சி!"

ஆச்சி திடுக்கிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த மாவோ ஒருவர்தான். அவர் சீன தேசத்தை ஆண்டவர். சறுக்கி விளையாடியதாகக் கேள்வி இல்லை. "இது வேற மாவோ, ஆச்சி. ஜப்பான்காரி" என்று பேத்தி தன் அம்மாவின் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். நீல உடை உடுத்திய ஒரு பெண், பனிக்கட்டித் தரையின் மேல் பறவை போலப் போய்க்கொண்டிருந்தாள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார். "ஆட்டம் நல்லாத்தானே இருந்துது? முடிச்சுட்டு ஏன் அழுதா?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க எனக்குக் காப்பி வேளை வரை ஆயிற்று. ஆச்சிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மேடையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஜில்லாவில் ஐஸ் என்றால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். பாளம் பாளமாக வரும். உடைத்து நொறுக்கி மீனுக்கு மேலே கொட்டுவார்கள். அதன் மேல் காலை வைத்து ஆடலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஜப்பானிலோ, பெரிய கொட்டகைக்குள், தரைக்கு அடியில் குழாய்களைப் பரப்பி, அவற்றில் குளிர்ந்த திரவத்தை ஓடவிட்டு, மேலே தண்ணீரைப் பாய்ச்சி உறைய வைத்துவிடுகிறார்கள். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதன் மேல் பூட்ஸின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு ஆட வேண்டும். தகட்டின் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர். நம் வீட்டு அரிவாள்மணையின் முதுகு அவ்வளவு இருக்குமா என்று ஒரு தடவை பாருங்கள்!

இதன் மேல் நின்று சங்கீதத்துக்கு ஆட வேண்டும். அது போதாதென்று, எழும்பிக் காற்றில் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்கவும் வேண்டும். தாவல்களில் பல வகை உண்டு. எல்லாவற்றிலும் பொல்லாதது 'ஆக்ஸெல்' என்பது. 1882-ல் ஆக்ஸெல் பால்சென் என்ற நார்வேக்காரர் ஆடிக் காட்டியதால் அந்தப் பெயர். மற்றத் தாவல்களில் பின்பக்கமாக ஓடி வந்து எழும்புவார்கள். இது ஒன்றில்தான் முன்முகமாக, போகிற திசையைப் பார்த்துக்கொண்டே எழும்ப வேண்டும். இறங்குவது மட்டும் எல்லாத் தாவலிலும் பின்பக்கமாகவே. ஆகையால் மற்றவர்கள் மூன்று சுற்றுச் சுற்றும் இடத்தில் இதில் மூன்றரை. ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடிய வேண்டிய காரியம். அந்த அரைச் சுற்றில்தான் நம் கதாநாயகியின் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

மாவோ அஸாடா 1990-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி நகோயா நகரில் பிறந்தாள். வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மாய், இளையவள் மாவோ. இருவரும் சிறு வயதிலேயே பாலே நடனம் பயின்றார்கள். ஐந்தாவது வயதில் மாவோ பனி மேடையில் கால் வைத்தாள். (ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு ஐந்து வயது என்றதும் குமரகுருபரர் நினைவு வந்துவிடும். ஐந்து வயது வரை பேசாதிருந்த பிள்ளை, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து பாடியதாக அல்லவா நம் ஊர் வரலாறு! ஆச்சியும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே கேட்டார்.)

நகோயாவில் ஓசு என்று ஒரு பேட்டை. நடுவில் பழைய கோயில், சுற்றிலும் கடைத்தெரு. அந்தச் சந்தடிக்குப் பக்கத்திலேயே ஒரு சறுக்கு மேடை. அங்கே மாச்சிகோ யமாடா என்ற ஆசிரியை இருந்தார். அவரிடம் பயின்ற மிதோரி இட்டோ என்ற பெண்தான், 1988-ல், உலகத்திலேயே முதன்முதலாகப் போட்டியில் அந்த மூன்றரைச் சுற்றைப் போட்டுக் காட்டிய பெண்மணி. அடுத்த வருஷம் உலக சாம்பியன். 1992 ஒலிம்பிக்கில் வெள்ளி. அந்த ஆசிரியையிடமே மாவோவும் வந்து சேர்ந்தாள். பாட்டு வாத்தியார் வீட்டில் பெரிய சிஷ்யை பாடிய வர்ணத்தைச் சின்னவளும் பாட ஆசைப்படுவதில்லையா? மாவோவுக்கும் அந்தத் தாவல் மேல்தான் கண். 2004-ல் ஜூனியர் போட்டியிலேயே அதைப் போட்டுவிட்டாள். அதற்கு முன் ஜூனியர் பெண்கள் யாரும் அதைப் போட்டியில் செய்ததில்லை.

2005 டிசம்பரில் டோக்கியோவில் பெரியவர்களுக்கான கிராண்ட் பிரீ இறுதிப் போட்டி. ரஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்காயா அப்போது உலக சாம்பியன். பதினைந்து வயது மாவோ அவரை முந்திக்கொண்டு முதலாவதாக வந்தாள். இரண்டு மாதத்தில் டூரின் நகரில் ஒலிம்பிக். ஜப்பான் தேசமே, "இவளை அனுப்புங்கள்!" என்றது. அனுப்ப முடியவில்லை. அந்த ஒலிம்பிக்குக்கு 2005 ஜூலை முதல் தேதிக்குள் பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். மாவோ 87 நாள் சின்னவள்! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் ஜப்பானில் இல்லை போலிருக்கிறது. அந்தத் தடவை தங்கம் ஜப்பானுக்கே, ஷிசுகா அராகாவாவுக்குக் கிடைத்தது. மாவோ நான்கு வருஷம் காத்திருந்தாள்.

காத்திருந்த காலத்திலும் சும்மா இல்லை. 2008-ல் ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க்கில் உலகப் போட்டி. ஆட்டம் தொடங்கியதுமே அந்தத் தாவலுக்குப் போய்க் கால் வழுக்கி, பார்த்தவர்கள் பதறும்படி விழுந்தாள். எழுந்தாள், பாக்கியை ஒரு பிசகு இல்லாமல் ஆடினாள், உலக சாம்பியன் ஆனாள்!

2010-ல் வான்கூவர் ஒலிம்பிக். எதிரே தென் கொரியாவின் யூனா கிம். அவளும் 1990 செப்டம்பரில் பிறந்தவள்தான். மாவோவுக்கு இருபது நாள் மூத்தவள். கிம் அந்த மூன்றரைச் சுற்றைத் தன் ஆட்டத்தில் வைக்கவே இல்லை. தன்னால் பழுதில்லாமல் முடிவதை அழகாகச் செய்தாள். மாவோ ஒரே போட்டியில் மூன்று தடவை அதைப் போட்டாள். அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். ஆனால் மற்ற இடங்களில் இரண்டு பிசகு நேர்ந்துவிட்டது. கிம்முக்கு 228.56, மாவோவுக்கு 205.50. வெள்ளிப் பதக்கம் கழுத்தில் தொங்க, மாவோ அழுதாள்.

'அந்தத் தாவலை விட்டுவிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். ஜப்பானிலும் பலர் கேட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு; இன்றும் தீர்ந்தபாடில்லை. மாவோ செய்ததோ நேர்மாறு. அடுத்த மாதமே டூரினில் இரண்டாவது முறை உலக சாம்பியன் ஆனவள், நோபுவோ ஸாட்டோ என்ற மூத்த ஆசிரியரிடம் போய், தன் தாவல்களை எல்லாம் அடியிலிருந்து திருத்தத் தொடங்கினாள். இருபது வயதில், உலக சாம்பியன், மறுபடி சரளி வரிசை! பலன் உடனே தெரிந்தது, எந்த மாதிரி? சொந்த ஊரான நகோயாவில் நடந்த போட்டியில் எட்டாவது இடம். விழுந்தாள், அடுத்த போட்டியிலும் விழுந்தாள்.

இந்த இடத்தில் ஆச்சி ஊஞ்சலை நிறுத்திவிட்டார்.

2011 டிசம்பர். கிராண்ட் பிரீ இறுதிப் போட்டிக்காக மாவோ கானடாவில் கியூபெக் நகரத்துக்குப் போயிருந்தாள். தாயாருக்கு உடம்பு மோசம் என்று செய்தி வந்தது. கல்லீரல் வியாதி. போட்டியை விட்டுவிட்டு விமானம் ஏறினாள். அவள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டுத்தான். இரண்டு வாரம் கழித்து ஜப்பான் தேசியப் போட்டி. வரமாட்டாள் என்று நினைத்தவர்கள் உண்டு. வந்தாள், ஆடினாள், முதலாவதாக வந்தாள். ஆச்சி அடுக்களைப் பக்கம் பார்த்தபடி, "இருக்கிற வரைக்கும் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

இனிமேல்தான் அந்த நீல உடை.

2014 பிப்ரவரி 19. ரஷ்யாவில் ஸோச்சி ஒலிம்பிக். மாவோவுக்கு இருபத்து மூன்று வயது. முதல் நாள் குறு ஆட்டம். அதே தாவல், அதே வீழ்ச்சி. 55.51 புள்ளி, பதினாறாவது இடம்! பதக்கம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. அது போதாதென்று, முன்னாள் பிரதம மந்திரி யோஷிரோ மோரி ஒரு கூட்டத்தில், இந்தப் பெண் முக்கியமான சமயத்தில் எப்போதும் விழுந்துவிடுகிறாள் என்ற கருத்தில் பேசிவைத்தார். கல்யாண வீட்டில் சாம்பார் கொட்டிய பெண்ணைப் பார்த்து ஒரு பெரியவர் சொல்வாரே, அந்த ரகம்.

மறு நாள் நெடு ஆட்டம். முன்னணிக்காரர்கள் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே மாவோவின் முறை வந்துவிட்டது. ராக்மனினோவ் என்ற ரஷ்ய மேதையின் பியானோ இசை தொடங்கிற்று. முதல் தாவலே அந்தத் தாவல். வேண்டுமானால் அதை விட்டுவிட்டுச் சுலபமானதை வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. முன்முகமாக எழும்பினாள். மூன்றரைச் சுற்று. ஒற்றைக் காலில், நின்றாள்! அப்புறம் தாவல் மேல் தாவலாக, நான்கு நிமிஷத்தில் ஒரு தடவையாவது விழ வேண்டுமே? விழவில்லை. இசை நின்றதும் மேலே அண்ணாந்து பார்த்தாள். முகம் கோணிற்று, கண்ணீர் வந்துவிட்டது. உடனே சிரித்தும் விட்டாள். 142.71 புள்ளி, அதுவரை அவள் வாழ்நாளில் அந்த ஆட்டத்துக்கு வாங்காத புள்ளி. அன்றைய ஆட்டத்தில் மட்டும் பார்த்தால் மூன்றாவது. இரண்டு நாளும் சேர்த்து ஆறாவது.

"ஆறாவதா!" என்றார் ஆச்சி. "அதுக்கா இத்தனை பேர் அழுதாங்க?" செல்போனில் பார்வையாளர் வரிசையிலும் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவர் கவனித்திருக்கிறார்!

மோரியின் பேச்சைப் பற்றிப் பிற்பாடு நிருபர்கள் கேட்டபோது, மனிதர்கள் எல்லோரும் தவறுவதுதான், இப்போது அவரே கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கலாம் என்கிற மாதிரி மாவோ சிரித்துக்கொண்டே சொன்னாள். மாமியாரிடம் இப்படிப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த மாதம் ஜப்பானிலேயே, ஸைடாமா நகரில், மூன்றாவது முறை உலக சாம்பியன். பிறகு ஒரு வருஷம் ஓய்வு, திரும்பி வந்தாள், உடம்பு பழையபடி கேட்கவில்லை. 2016 தேசியப் போட்டியில் பன்னிரண்டாவது. 2017 ஏப்ரலில் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டாள். ஒலிம்பிக் தங்கம் கடைசி வரை கிடைக்கவில்லை. அதற்குப் பின் ஊர் ஊராகப் பனி நடனம் ஆடினாள். 2024-ல் டோக்கியோவை அடுத்த தாச்சிகாவாவில் அவள் பெயராலேயே ஒரு சறுக்கு மேடை திறக்கப்பட்டது.

"நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லியா?" என்று பேத்தி கேட்டாள். சிம்லாவில் குளிர்காலத்தில் திறந்த வெளியிலேயே தண்ணீர் உறைந்து, 1920 முதல் சறுக்கி வருகிறார்கள் என்றேன். தாரா பிரசாத் என்று ஒரு பெண், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர், இந்தியாவின் பெயரில் ஆடி வருகிறார். 2025-ல் சீனாவில் ஹார்பின் நகரத்து ஆசியக் குளிர்கால விளையாட்டிலும் ஆடினார் என்றும் சொன்னேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை. சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் தாழ்வாரத்துக் கோடிக்குப் போனாள்.

ஆச்சி ஊஞ்சலிலிருந்து எழுந்தார். கண்டிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தாழ்வாரத்திலே வேண்டாம்ட்டி, தூண் இடிக்கும். பட்டாலைக்கு வா" என்று சொல்லி, நடுவில் விரித்திருந்த ஜமக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.