பால்குடிக் காதுக்குத் தமிழும் வேண்டும்

அந்தமானின் சாத்தாம் படகுத்துறையில் ஏறிப் பாம்பூஃப்ளாட்டில் இறங்குவதற்குள் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம் என எல்லாம் காதில் விழுந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 விழுக்காடு. எல்லோருக்கும் பொதுவாகப் புழங்குவது இந்திதான். இப்படிப்பட்ட ஊரில், கைக்குழந்தையிடம் இந்தியே பேசிவிடுவோம், தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. பிள்ளை மேலுள்ள அக்கறையில்தான் அப்படித் தோன்றுகிறது. ஆனால் குழந்தையின் காது வளரும் விதம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கியில் இந்தியின் தகர ஒலி திரும்பத் திரும்ப வரும். திடீரென்று அது டகரமாக மாறும். மாற்றத்தைக் கண்டுகொண்டு தலையைத் திருப்பினால், பெட்டிக்குள் பொம்மை ஒன்று வெளிச்சத்தில் ஆடும். ஆங்கிலம் பேசும் பெரியவர்களையே திணறடிக்கும் இந்த வேறுபாட்டை 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிடித்துவிட்டார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலருக்கே அது முடிந்தது. நமக்குப் பாதமும் பாடமும் வேறாகக் கேட்பதற்கு அந்த முதல் ஆண்டில் கேட்ட பேச்சே காரணம். கதவு அதோடு அடைபட்டுவிடுவதில்லை. பிறகு கற்க உழைப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

போனில் தமிழ்ப் பாட்டு போட்டால் போதாதா? 2003-ல் பாட்ரிசியா கூல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீனமொழி கேட்கச் செய்தார்கள். எதிரே உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசியவரிடம் குழந்தைகள் கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்கள் கற்கவில்லை. கண்ணைப் பார்த்து, காட்டிய பொருளைக் கூடவே பார்த்து, பதிலுக்குச் சிரிக்கும் ஆள் குழந்தைக்கு வேண்டும். தமிழ் வீட்டில் அந்த ஆள் அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா. அவர்கள் கொஞ்சுவதும் அதட்டுவதும் கதை சொல்வதும் தடையின்றி வருவது தமிழில்தான். அரைகுறை இந்திக்கு மாறினால் பேச்சே வற்றிவிடும்.

இரண்டு மொழி குழப்பும், பேச்சு தாமதமாகும் என்ற அச்சம் பரவலானது. தண்ணீருக்கு இந்திச் சொல்லைப் போட்டு "பானி வேணும்" என்று கேட்கும் பிள்ளை குழம்பவில்லை. கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொள்கிறது. ஒரு மொழிச் சொற்களை மட்டும் எண்ணினால் அது பின்தங்கியதுபோலத் தெரியலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிப் பிள்ளைகளைவிடக் குறைவில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. இருமொழியால் மூளை கூர்மையாகும் என்றும் சொல்கிறார்கள். அதில் முடிவுகள் ஒன்றுபோல் வராததால் அதை நான் துணைக்கு அழைக்கவில்லை. இந்தியைத் தெருவும் அங்கன்வாடியும் பள்ளியும் தந்துவிடும். தமிழுக்கு முதல் இடம் வீடுதான். ஆகவே குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பிள்ளையின் முகம் பார்த்துத் தமிழில் பேசுங்கள். ஒலி எழுப்பியும் திரும்பாத பிள்ளையை உடனே காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டு மொழியின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள்.